பதினெட்டரையா, இருபதா?

லாரி இஞ்சின் கட்டுகிற தொழிலில் இஞ்சினைச் சமாளித்துவிடலாம். அதன் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பாடு. கிரீஸ் கையோடு சோறு தின்னும் சக பாவிகளே, ஓசூரில் என் பட்டறைக் கதையைக் கேளுங்கள்.

இருபதே வேண்டும்

கெலமங்கலம் முனிராஜ் அண்ணன் சொந்த லாரியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு லடாக் வரை போகிறவர். கிளீனர் கிடையாது, மனைவி ரத்னம்மாதான் துணை. போன வருஷம் பனி விழ ஆரம்பித்த சமயம், கணவாய்க்குக் கீழே நிறுத்திய வண்டி காலையில் கிளம்பவில்லை. கேபினில் ஹீட்டர் இல்லாமல் அந்த அம்மா மூச்சுத் திணறி, ராணுவ வண்டி வந்து தூக்கிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த அம்மா வண்டியை விற்கவும் விடமாட்டார், கணவரைத் தனியாக அனுப்பவும் மாட்டார்.

மலையில் காற்று மெலிசு. அதை இன்னும் இறுக்கி நசுக்கினால்தான் டீசல் பற்றும். எத்தனை மடங்கு நசுக்குவது என்பதுதான் அழுத்த விகிதம்; கம்பெனி வைத்தது பதினேழரை. கொஞ்சம் ஏற்றலாம், பதினெட்டரை வரை; ரொம்ப ஏற்றினால் போகிற வழியிலேயே, நாக்பூர் வெயிலில், இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய் வண்டி நின்றுவிடும். சொன்னேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாக்பூர்ல நின்னா டீ குடிச்சுக்கிட்டு ஒக்காரலாம் சார். அங்க நின்னா இவள யாரு காப்பாத்துவா? இருபதே வைங்க."

களி சொன்ன தீர்ப்பு

அந்தக் கண்ணீரில் நானும் கரைந்து, இருபதுக்கான பிஸ்டனையே எடுத்துவிட்டேன். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டும் புதுசு. உள்ளே வந்த காற்று திரும்பி ஓடுவதற்குள் வால்வைச் சீக்கிரம் மூடிவிடுகிற ரகம். ஆனால் வால்வு பிஸ்டனில் இடிக்கக் கூடாதே! பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் சுற்றி, பதிந்த தடத்தின் கனத்தை அளப்பது வழக்கம். அன்று களிமண் தீர்ந்திருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மூடப் போனேன். என் கூட்டாளி ஸ்டெல்லா விடவில்லை. ரத்னம்மாவின் தூக்குப் பாத்திரத்தில் ஆறிக் கிடந்த கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை கேட்டு வாங்கி வைத்தார்.

தடம் கிட்டத்தட்ட ஓட்டை; வால்வு இடிக்க மயிரிழைதான் பாக்கி. பதினெட்டரைக்கான பிஸ்டனில் பார்த்தால் நல்ல கனம். நான் இருபதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதையே மாட்டினேன். ரத்னம்மா மீதிக் களியை மூடிக்கொண்டு சொன்னார்: "எங்க சோத்த அதுக்கு ஊட்டிட்டீங்க, அந்த நன்றிக்காச்சும் கெளம்பட்டும்."

மாங்கூழ் அறை

காற்றுக் குறைவை ஓசூரில் சோதிக்க வழியில்லை. குளிரையாவது பார்ப்போம் என்று கிருஷ்ணகிரியில் மாங்கூழ் உறைய வைக்கும் கிடங்கில் கெஞ்சினோம். சீசனுக்கு முன் ஓர் அறை காலி. ஒரு நாள் முழுக்க இஞ்சினை உள்ளே விட்டு, காலையில் வாசலுக்குத் தள்ளி பேட்டரி கொடுத்தோம். வெள்ளைப் புகை கக்கி, இருமி, நின்றது. முனிராஜ் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை பிடித்தது, பிறகு விடவேயில்லை. ரத்னம்மா அதை மாட்டைத் தடவுவதுபோல் தடவினார். எனக்குத் தொண்டை அடைத்தது. கிடங்கு மேலாளருக்கு மட்டும் மூக்கு அடைத்தது. "சீசன்ல கூழ்ல டீசல் வாசம் வந்துச்சு, ஒங்க நாலு பேரையும் இதே ரூம்ல வச்சுப் பூட்டிருவேன்."

கணவாயிலிருந்து

பனி விலகி மலைப்பாதை திறந்ததும் இருவரும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றரை குறைத்து ஓர் உயிரோடு விளையாடிவிட்டேனோ? ஸ்டெல்லா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் பேர் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பதினோராம் நாள் காலையில் போன். "அதே எடத்துலதான் சார் வண்டியப் போட்டிருந்தோம்" என்றார் அண்ணன். "எடுத்துச்சா? அம்மா எப்படி இருக்காங்க?" என்று கத்தினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க சார், ஹீட்டர் சூட்டுல இப்பத்தான் கண்ணசந்தா."

இரண்டு மாதம் அளவுகோலும் கையுமாக நான் கட்டிய இஞ்சினுக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ், அதன் சத்தத்தையும் மீறிப் போனில் கேட்ட ஒரு குறட்டை.