எஞ்சின் நின்றது, வைப்பர் நிற்கவில்லை

"...நான் உன்ன ஒண்ணும் திட்டல தம்பி. இது இன்னா நுரைன்னு மட்டும் சொல்லு."

கொட்டுகிற மழையில், திறந்த பானட்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு எங்கள் ஊர் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். எழுபதுகளின் கடைசி, ஐப்பசி மாதம். ஜவ்வாது மலை ஏறுகிற பாதையில் பாதி தூரம் கூடப் போயிருக்கவில்லை. என் வாயில் பதில் இருந்தது, ஆனால் பல் தந்தியடித்ததில் வெளியே வரவில்லை. குளிர் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்ணமங்கலத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். யாரிடமும் போய்த் தொழில் கற்கவில்லை. பழைய டைனமோவைப் பிரிப்பேன், மாட்டுவேன், ஒரு ஸ்குரூ மிச்சமானால் மறுபடி பிரிப்பேன். அப்படி வந்த தொழில்தான்.

அண்ணனிடம் இருந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புக் கார். அந்தக் காலத்துக் கார்களில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்தில் ஒரு பித்தளை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் கண்ணாடி வரைக்கும் போகும். எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்தில் வைப்பர் ஆடும். இதில் ஒரு கூத்து உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்து மேடு ஏறும்போது உறிஞ்சல் குறைந்துவிடும், வைப்பர் படுத்துக்கொள்ளும். காலை எடுத்தால்தான் ஆடும். அண்ணன் அதற்கு வைத்த பேர் 'மாப்பிள்ளை வைப்பர்'. "வேல இருக்கறப்ப படுத்துக்குவாரு, வேல இல்லாதப்ப விழுந்து விழுந்து செய்வாரு" என்பார். அதனால் மழையில் மலை ஏறும்போது, பத்தடிக்கு ஒருமுறை காலை எடுத்து, கண்ணாடியைத் துடைக்கவிட்டு, திரும்ப மிதித்து ஏறுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முறத்தில் போட்ட கேழ்வரகு மாதிரிக் குலுங்குவார்கள்.

"இதுக்கு கரண்ட் வைப்பர் வெச்சுக் குடேன்" என்று கேட்டார். எனக்குக் கேட்கவா வேண்டும்? உடைத்துப் போட்ட ஒரு வேனிலிருந்து மோட்டாரை எடுத்தேன். தண்டு ஒட்டவைத்தேன், தனி சுவிட்ச், தனி ஃபியூஸ். ஒயரிங் வேலை இன்றைக்கு யார் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரிதான் செய்தேன். பழைய குழாயைக் கழற்றிச் சுருட்டி ஓரமாகப் போட்டேன். மிச்சமிருந்தது அந்தப் பித்தளை மூக்கு ஒன்றுதான். திறந்து கிடந்தால் எஞ்சின் அதன் வழியாகவும் காற்றை இழுக்கும், நின்றுகூடப் போகும் என்று தெரியும். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை அப்பி அடைப்பது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதானே? நானும் ஒரு துண்டு மஞ்சள் சோப்பைப் பிசைந்து அந்த மூக்கில் திணித்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினேன். மூன்று நாள் ஆரணிக்கும் வேலூருக்கும் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மலைக்காரரை ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரம் ஏறி விழுந்தவர். ஒரு காலில் இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. பின் சீட் முழுக்க அவரைப் படுக்கவைத்து, அவர் மனைவி கீழே தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கால் அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தாராம். நான் எதற்குப் போனேன்? மழை வருகிற மாதிரி இருந்தது, என் வைப்பர் ஆடுவதைப் பார்க்கலாம் என்று போனேன். வேறு ஒரு வேலையும் இல்லை.

சந்தவாசலில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. சுவிட்சைத் தட்டினேன். ஏற்றத்திலும் சரக் சரக் என்று ஒரே சீராக ஆடியது. அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துடுச்சுடா! ஆனா பாரேன், என் காலு கேக்கமாட்டேங்குது. பழக்கத்துல அது பாட்டுக்கு மேல வருது."

செங்குத்தான ஒரு வளைவில் அப்படித்தான் கால் மேலே வந்தது. எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. நின்றுவிட்டது.

ஒரு நொடி வண்டி அப்படியே இருந்தது. பிறகு பின்னால் நகர்ந்தது. அந்த வண்டிக்கு, மிதித்தால் கம்பி இழுத்துப் பிடிக்கிற பழைய பிரேக். முன்னால் போகும்போதே யோசித்துத்தான் பிடிக்கும். அண்ணன் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. பின்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது.

அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம் கூட ரொம்ப வருடம் சொல்லவில்லை. கதவைத் திறந்து குதித்தேன். யோசிக்கவே இல்லை. என் கால் குதித்தது, நான் அதோடு போனேன்.

சேற்றில் கை ஊன்றி எழுந்து பார்க்கிறேன், கார் என்னை விட்டு விலகிப் போகிறது. எஞ்சின் செத்துவிட்டது, ஆனால் வைப்பர் நிற்கவில்லை. நான் மாட்டியது பேட்டரியில் ஓடுகிறதே! ஒவ்வொரு தடவை அது துடைக்கும்போதும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகம் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பிப் பார்க்கும் அண்ணன். அவருக்குப் பின்னால் சீட்டுக்கு மேல் தலையை நீட்டி என்னையே பார்க்கும் அந்த அம்மா. கணவரின் காலை அவர் விடவில்லை.

அண்ணன் வண்டியின் பின்பக்கத்தைக் குறிபார்த்து பள்ளத்துக்கு எதிரே, மலையை ஒட்டிய பக்கம் திருப்பினார். பின் சக்கரம் மழைநீர்க் கால்வாயில் இறங்கி, பம்பர் மண்சுவரில் மோதி, கார் நின்றது. நான் ஓடினேன். உள்ளே, மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"இன்னா, வூடு வந்துடுச்சா?"

"இல்ல. படு" என்றார் அந்த அம்மா. குரலில் ஒரு நடுக்கம் கூட இல்லை. கை மட்டும் அந்தக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அண்ணன் இறங்கி பானட்டைத் திறந்தார். அதன் இடுக்கு வழியாக மழை ஒழுகி, எஞ்சின் சூட்டில் இளகிய சோப்பு, அந்தப் பித்தளை மூக்கில் குமிழ் குமிழாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பாதியை எஞ்சின் உறிஞ்சிவிட்டிருந்தது. கால் எடுக்கும்போதுதான் உறிஞ்சல் அதிகம், அது எனக்கே தெரியும். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சோப்புண்ணா" என்றேன் ஒருவழியாக. "நான் வெச்சதுதான்."

அறை விழும் என்று நின்றேன். அவர் நுரையை விரலால் வழித்துச் சட்டையில் துடைத்தார். ஒரு குச்சியை ஒடித்துச் சீவி, டியூப் துண்டு சுற்றி அந்த மூக்கில் அடித்து இறக்கி, கம்பியால் கட்டினார். ஸ்டார்ட்டரின் இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து நான் தள்ளினேன். வாய் நிறையச் சேறு.

இன்றைக்கும் ஒரு வண்டியில் எதையாவது கழற்றிப் போடும்போது என் கை தானாக ஒரு நிமிடம் நிற்கிறது. அந்த வண்டியில் குதிக்க முடியாமல் படுத்திருக்கப்போவது யார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சாலைக்கு ஏறியதும் நான் முன் கதவைத் திறக்கப் போனேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. பின் கதவைத் திறந்து, மரத்துப்போயிருந்த அந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மாவுக்கட்டிலிருந்து விடுவித்து, அவரைக் கூட்டி வந்து என் சீட்டில் உட்காரவைத்தார். பிறகு பின் கதவுப் பக்கம் மழையில் நின்றார். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் வரை அங்கேயே நின்று, அதன் பிறகுதான் கதவைச் சாத்தினார்.