மாமா பார்க்காத முதலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு முதலையை மறைத்திருக்கிறேன். ஏழடி இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு சேற்றில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அசல் முதலை. மறைத்தது என் தாய்மாமாவிடமிருந்து. கூட்டாளி அப்பா.

அப்போது நாங்கள் அந்தமானில், ரங்கத் என்ற ஊரில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்தார். மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்து, போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்து சேர்ந்த மனிதர், கொடுத்த காப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"மாப்ளே, நான் சுத்தி வளைச்சுப் பேசல. தங்கச்சியையும் பாப்பாவையும் என்னோட அனுப்பிருங்க. பாப்பாவுக்கு நம்ம ஸ்கூல்லயே சொல்லி வச்சிட்டேன். நீங்க லீவுக்கு லீவு வந்து பாத்துக்கங்க."

காரணங்களையும் வகுப்பெடுப்பதுபோல அடுக்கினார். அடிக்கடி பூமி ஆடுகிறது. பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை, வாயைத் திறந்தால் பாதி இந்தி. எல்லாவற்றுக்கும் மேல் முதலை. எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டு வந்திருந்தார். அந்தமான்காரர்கள் முதலைகளுக்கு நடுவில்தான் பல் துலக்குகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

அம்மா தோசைக்கல்லை விட்டு நிமிரவில்லை. "அண்ணனும் நீங்களும் பேசி என்ன முடிவு பண்றீங்களோ பண்ணுங்க," என்றாள்.

கடலுக்கு அப்பால் இருக்கிற மெயின்லேண்ட் என்றால் எனக்குக் கப்பலில் வரும் பார்சலில் இருக்கும் மிளகாய்ப்பொடி வாசனை, அவ்வளவுதான். அங்கே போய், அப்பா இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, மாமாவிடமே பாடமும் படிக்க வேண்டும் என்றால் அதைவிட முதலை வாயே மேல் என்று தோன்றியது.

அப்பா வாய்ச்சண்டைக்குப் போகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மச்சானையும் படகில் ஓரிடத்துக்குக் கூட்டிப்போவதாக மட்டும் சொன்னார். உப்பங்கழி வழியாகப் போய்க் கடலில் திரும்பினால் ஒரு குட்டித் தீவு. ஊரில் உள்ள கிளியெல்லாம் சாயங்காலம் வந்து அடைவது அங்கேதான். கிளம்புவதற்கு முன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அப்பா திட்டத்தைச் சொன்னார்.

"கிளியப் பாத்துட்டா மாமா மனசு மாறிரும். ஆனா முதலைங்கிற பேச்சே வரக்கூடாது. வந்துச்சு, நீ மெயின்லேண்ட் போயிருவ."

"அம்மாகிட்ட?"

"அம்மா நம்ம பக்கந்தான்," என்றார். அவர் கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் சோதனை படகுத்துறையிலேயே காத்திருந்தது. அங்கே மஞ்சள் பலகை ஒன்று, வாயைப் பிளந்த முதலைப் படத்தோடு நிற்கும். அப்பா முன்னால் ஓடி, வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை விரித்து அதன் மேல் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று மச்சானுக்கு வானத்தைக் காட்டினார். மாமாவும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து சேற்றில் கால் வைத்தார். ஒரு செருப்பு உள்ளே போனது போனதுதான். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை அவர் கடைசிவரை கழற்றவில்லை.

படகு என்றால் பெரிய படகு இல்லை. நாங்கள் டிங்கி என்று சொல்லும், மோட்டார் வைத்த சின்னப் படகு. ஓட்டியவர் ஒரு பெங்காலிக்காரர், எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். அவரும் அப்பாவும் பேசிக்கொள்வது இந்தியில். மாமாவுக்கு அது சுத்தமாகத் தெரியாது. மாமாவுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அப்பாவின் கையில் இருந்தது.

மாமா ஏறி உட்கார்ந்ததிலிருந்து முதலை தேடினார். மிதந்து வந்த கட்டையைப் பார்த்து, "மாப்ளே, அது என்ன?" என்றார். கட்டை. அலையாத்தி வேரைப் பார்த்துக் கேட்டார். வேர். கரையில் உடும்பு ஒன்று நாக்கை நீட்டியதும் எழுந்தே நின்றுவிட்டார், படகு ஒரு பக்கம் சாய்ந்து எல்லோர் மடியிலும் தண்ணீர். அதுவும் உடும்புதான் என்று தெரிந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு கழுகையும் மீன்கொத்தியையும் பார்க்கத் தொடங்கினார். எங்களுக்கு முன்னால் ஒரு புள்ளிமான் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்திப் போனபோது, "மான் நீந்துமா பாப்பா? இத்தனை வருஷமா நான் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லையே," என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போதுதான் மோட்டார் நின்றது. கிழிந்த மீன்வலை ஒன்று மோட்டாரின் விசிறியில் சுற்றியிருந்தது. தாதா துடுப்பால் படகை நிறுத்திவிட்டு வலையை அறுக்க உட்கார்ந்தார். சும்மா இருக்கிற நேரத்தில் சாப்பிடலாம் என்று அம்மா புளியோதரையைப் பிரித்தாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சேற்றுக் கரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, அதோடு அதுவும் வந்தது. எங்களிடமிருந்து பத்தடி தூரம்தான் இருக்கும். மாமாவின் முதுகுக்குப் பின்னால்.

தாதா தலையைத் தூக்கினார். "சாப், உதர் மகர் ஹை," என்றார் மெதுவாக. ஐயா, அங்கே முதலை.

"மாலும் ஹை. சுப் ரஹோ," என்று அப்பா புளியோதரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தெரியும், வாயை மூடு.

"என்ன சொல்றாரு மாப்ளே?"

"அஞ்சு நிமிஷத்துல சரியாயிருமாம் மச்சான்."

தீவில் வளர்கிற எந்தப் பிள்ளையும் அ, ஆ படிக்கும் முன் படிக்கிற பாடம் ஒன்று உண்டு. உப்பங்கழித் தண்ணீரில் கையை விடாதே. மாமாவோ வாய்க்கால் கரையில் சாப்பிட்டு வாய்க்காலிலேயே கை கழுவி வளர்ந்தவர். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, எண்ணெய்க் கையோடு படகின் விளிம்பில் சாய்ந்தார்.

"மச்சான், கைய விடாதீங்க," என்றார் அப்பா.

"ஏன்?"

அவ்வளவு திட்டம் போட்ட அப்பா இந்த இடத்துக்கு ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. "உப்புத் தண்ணி... அரிக்கும்," என்றார். மாமா சிரித்தார். வாத்தியாருக்கு உப்பைப் பற்றித் தெரியாதா? கை கீழே போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் மாமா பிழைப்பார், நான் மெயின்லேண்ட் போய்விடுவேன். அவமானமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கத்தவில்லை.

அம்மா கரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சட்டென்று மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, "இதுல கழுவுங்கண்ணே, நல்ல தண்ணி," என்று குடிக்க வைத்திருந்த ஒரே பாட்டிலை அவர் கையில் முழுசாகக் கவிழ்த்தாள். மோட்டார் இருமிக் கிளம்பியது. அம்மா நம் பக்கம்தான் என்று அப்பா சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்வரை எல்லோருக்கும் தொண்டை காய்ந்தது.

கிளிகள் எங்களை ஏமாற்றவில்லை. வெயில் சாய்ந்ததும் முதலில் நாலைந்து, பிறகு கொத்துக் கொத்தாக நாலு திசையிலிருந்தும் வந்தன. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. தீவின் மரமெல்லாம் அசைந்தது. மாமா ஒற்றைச் செருப்போடு, வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கியதும் அம்மா பக்கம் திரும்பினார்.

"என்னத்தா, நீ என்ன சொல்ற? வர்றியா?"

அம்மா புளியோதரைப் பாத்திரத்தைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். "இல்லண்ணே. இங்கயே இருந்துக்கிறோம்," என்றாள்.

மாமா அடுத்த கப்பலில் தனியாகத்தான் போனார்.

பிறகு கல்லூரிப் படிப்புக்கு நானே மதுரைக்கு வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டில் சாப்பாடு. ஒருநாள் இனி சொன்னால் என்ன என்று முதலைக் கதையைக் குடையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"உங்கம்மாவும் பாத்துச்சா?"

"பாத்தாங்க மாமா. அவங்கதான் உங்க கையப் பிடிச்சு இழுத்தாங்க."

மாமா பிசைந்த சோற்றை ஒதுக்கி வைத்தார். "நான் அங்க வந்ததே உங்கம்மா போன் பண்ணித்தான். எங்கப்பா செத்தப்பக் கப்பல் கெடைக்காம பதினாறாம் நாளுதான் தனியா வந்து சேந்துச்சு. அதுலருந்து அதுக்கு அங்க இருப்பு கொள்ளல. 'நீங்களா வந்து கேக்குற மாதிரி கேட்டு எங்கள கூட்டிட்டுப் போயிருங்கண்ணே'ன்னு போன்ல ஒரே அழுகை. அதான் வந்து கேட்டேன். அந்த முதலை மட்டும் என் கண்ணுல பட்டிருந்தா, உங்கப்பா கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்திருப்பேன்," என்றார்.

அன்று படகில் முதலை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நினைத்தது நடந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்று கிளித் தீவிலிருந்து படகில் திரும்பும்போது நான் அவள் மடியில்தான் படுத்திருந்தேன். மாமாவுக்குக் கேட்காதபடி, "நாம ஜெயிச்சிட்டோம்மா," என்றேன். அவள் என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஆமா," என்றாள். நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.