கரையோடு ஓடியவர்கள்

கடலில் தத்தளிக்கும் வள்ளத்தைக் கரையிலிருந்து ஒருவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது முழுகாது என்று நான் நம்பினேன். சின்ன வயதில் நம்பியதாகச் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்போது எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தொப்பை இருந்தது, மீசை இருந்தது, வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை எடை போடுகிற உத்தியோகமும் இருந்தது.

இதை எனக்குச் சொன்னவர் நான்கைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி. டீக்கடையில் பேச்சுவாக்கில், "கரையில கண்ணு இருக்கிற வரைக்கும் கடல் ஆள எடுக்காதுய்யா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். எங்களூரில் கண்மாய் நிறைந்தாலே திருவிழா. கடலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு நம்புவேன்.

என் தம்பியும் என்னோடுதான் உப்பளத்துக்கு வந்தான். உப்பு வாரி வாரிக் கால் வெடித்துப்போனதும், "அண்ணே, இந்த வெள்ளக் காட்டுல செத்தா புழுகூட வைக்காது. நான் கடலுக்குப் போறேன்" என்று ஒரு வள்ளத்தில் சேர்ந்துகொண்டான். நீச்சல் தெரியாது. கேட்டால், "அதான் வள்ளம் நீந்துதே, நானும் எதுக்கு நீந்தணும்?" என்பான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வாய்தான் சொத்து.

அது ஆடி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. காலையில் நான் தராசில் நின்றபோது கரையிலிருந்து கூச்சல் கேட்டது. பாய்மரம் இல்லாத வள்ளம் ஒன்று தூரத்தில் கிழக்கே அடித்துக்கொண்டு போகிறது என்றார்கள். யாருடைய வள்ளம் என்று கேட்டேன். சொன்னார்கள். நாலு பேர் போன வள்ளம். நாலாவது ஆள் என் தம்பி.

காப்பாற்றுவதற்காக ஒரு வள்ளத்தை இறக்கிப் பார்த்தார்கள். அலை அதைத் தூக்கி மணலில் கவிழ்த்துப் போட்டது. ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அவன் அலறியதோடு அந்த யோசனை முடிந்தது. இனி, வள்ளம் எங்கே மணல்திட்டில் தட்டுகிறதோ அந்த இடத்தில் ஆளும் கயிறுமாக நிற்பது ஒன்றுதான் வழி. எங்கே தட்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதோடு கூடவே ஓட வேண்டும்.

நான் ஓடினேன். வெறிநாய் துரத்தினவன்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு அடைத்து, நாக்கு வெளியே வந்து, கண்ணில் பூச்சி பறந்தது. என் டீக்கடைச் சேக்காளி ஒருவன், வாலிநோக்கத்து மீன்பிடிக்காரன், என் பக்கத்தில் வந்து சேர்ந்தான். ஒல்லி ஆள். மூச்சுகூட வாங்கவில்லை.

"ஏலே மாப்ள, பஸ்ஸையா வெரட்டுற? இப்படிப் போனா ஏர்வாடிக்கு உன்னையத்தான் தூக்கிட்டுப் போகணும். வள்ளம் போற போக்குல போ."

"அது முன்னாடி போகுதே!"

"அது நேராப் போகுது. கரை வளைஞ்சு போகுது. பொழுதுக்கும் ஓடணும். மூச்ச மிச்சம் வை."

பின்னால் உப்பளத்துப் பெண்களும் ஓடி வந்தார்கள். அவர்களில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி, வாய்க்குப் பூட்டே இல்லாதவள், என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

"கணக்கப்பிள்ள, கையில என்னய்யா?"

பார்த்தேன். தராசிலிருந்து எடுத்த இரும்பு எடைக்கல். அத்தனை தூரம் அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"கம்பெனி சொத்தப் பத்திரமா கொண்டு போறியாக்கும்? கீழ போடுய்யா, கூறு கெட்ட மனுசா."

போட்டேன். அடுத்த சோதனை உடனே வந்தது. சேக்காளி என் இடுப்பைப் பார்த்தான்.

"வேட்டிய அவுரு."

"என்னது?"

"இங்கன எல்லாரும் கைலி. உன்னது ஒன்னுதான் வெள்ளை. வள்ளத்துல உள்ளவனுக்கு நாம தெரியணும்ல. அவுருய்யா, எந்த மாப்பிள்ளை பாக்க வாரான்?"

என் வேட்டி ஒரு மூங்கில் கழியில் ஏறியது. நான் பட்டாபட்டி டிராயரோடு, பெண்கள் நடுவில், பட்டப்பகலில் ஓடினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. என் கோலத்தைப் பார்த்து வாலிநோக்கம் சிரிக்கவில்லையென்றால் காரியம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கழியைத் தூக்கிப் பிடித்தபடியே சேக்காளி விளக்கினான். மரம் முறிந்த வள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் ஆள் தெரிகிறவரை கை இறைக்கும். ஆள் தெரியவில்லையென்றால் கை விழுந்துவிடும். சம்மாட்டி சொன்னதன் அர்த்தம் அவ்வளவுதான். என் காதில் எல்லாம் விழுந்தது, உள்ளேதான் இறங்கவில்லை. நான் பார்க்கிறவரைதான் தம்பி மிதப்பான் என்று என் மூளை பிடித்த பிடியில் நின்றது. இமைக்கவே பயந்தேன். மணல் காற்றில் எவ்வளவு நேரம் இமைக்காமல் இருக்க முடியும்? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது கண்ணை மூடும்போது இடதைத் திறந்துவைத்தேன், இடதை மூடும்போது வலதை. கடலோரம் முழுக்க யாருக்கோ மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டே ஓடினேன். கால் எங்கே போகிறதென்று பார்க்கவில்லை. ஓடைக்குள் விழுந்தேன், உடைமுள்ளில் விழுந்தேன், காயப்போட்டிருந்த வலையில் சிக்கிக் கும்பிட்டு விழுந்தேன்.

எழும்போதெல்லாம் ஒரே கேள்வி. "எத்தன தலை தெரியுது?"

கருவாட்டுப் படகில் எத்தனை காக்கா உட்கார்ந்திருக்கிறது என்று அரை மைலிலிருந்து சொல்லுகிறவன் சேக்காளி. கடலைப் பார்த்துவிட்டுச் சொல்வான்: "நாலு."

ஏர்வாடி நெருங்கியதும் அங்கிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. கழியில் வெள்ளைத்துணி கரையோடு ஓடி வந்தால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் கழியை வாங்கிக்கொண்டு ஓடினான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கேயே மணலில் விழுந்தார்கள். அவர்களை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு அம்மா செம்பில் நீராகாரத்தோடு என் கூடவே ஓடி, "வாயத் தொற அத்தா" என்று ஊற்றினார். பாதி மூக்கில் போனது.

இப்போது பத்திரிகையில் மாரத்தான் ஓட்டம் என்று படம் போடுகிறார்கள். கடைசியில் ஒருவன் மார்பால் நாடாவை அறுக்கிறான். எங்கள் ஓட்டத்தில் யார் முன்னே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழி எந்தக் கையில் இருந்ததோ அந்தக் கைக்குப் பின்னால் போனோம். பவளக்கல் குத்தி எல்லோர் காலிலும் ரத்தம். ஒருவன் சளைத்தால் இன்னொருவன் அவன் கைலி முடிச்சைப் பிடித்து இழுத்தான். நம் ஓட்டத்தை நாமே ஓடுகிறோம் என்று நினைக்கிறோம். இழுக்கிற கைகளை அன்று எண்ணிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

கீழக்கரைக்கு முன்பே வள்ளம் ஒரு தீவுக்குப் பின்னால் போய் மறைந்தது.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். "போச்சு! கண்ணு விட்டுப்போச்சு! முடிஞ்சுது!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். இரண்டு மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சேக்காளி திரும்பி ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"எந்திரி மாப்ள. அந்தப் பக்கமா வரும். வரும்போது இங்கன துணி தெரியணும்."

"வரலைன்னா?"

"உன் தம்பி மட்டுமா இருக்கான் அதுல? அங்க பாரு."

வள்ளத்தை ஓட்டிய தண்டலின் மனைவி முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொல் பேசவில்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவளைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க எனக்கே வெட்கமாக இருந்தது. எழுந்தேன்.

வள்ளம் தீவின் கிழக்கு முனையில் மறுபடியும் தெரிந்தது. முன்பைவிடத் தாழ்ந்திருந்தது.

"எத்தன தலை?"

இந்த முறை அவன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். "நாலு" என்றான். பக்கத்தில் நின்ற அக்கா கடலைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஓடத் தொடங்கினாள்.

கீழக்கரையில் சங்கு குளிக்கிற ஆட்கள் கயிற்றுச் சுருளோடு காத்திருந்தார்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வியாபாரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து, முடியாமல் நின்று, "அல்லா காப்பாத்துவான், ஓடுங்க, ஓடுங்க" என்று எங்களுக்காகத் துஆ கேட்டார். யாரோ என் வாயில் கருப்பட்டியைத் திணித்தார்கள். அதைக் கடிக்கவும் தெம்பில்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டே ஓடினேன்.

பெரியபட்டினத்தைத் தாண்டி வெயில் சாய்கிற நேரத்தில் வள்ளம் திட்டில் தட்டி ஒருக்களித்தது. குளியாட்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் பாய்ந்தார்கள். கயிற்றின் இந்த முனையை வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் என்று எல்லா ஊர்க் கைகளும் பிடித்து இழுத்தன. நடுவில் என் பட்டாபட்டி டிராயர்.

முதல் ஆள் வந்தான். வேறு ஆள். இரண்டாவது ஆளும் வேறு. மூன்றாவதாகத் தண்டல் வந்தான். அவன் மனைவி அலைக்குள் போய் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது.

மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. "இழுங்கய்யா! இன்னும் ஒருத்தன் இருக்கான்! இழுங்க!" என்று தனியாக இழுத்துக்கொண்டிருந்தேன். கயிறு லேசாக வந்தது. சேக்காளி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?" என்றேன்.

"வாலிநோக்கத்துலயே. மூணு தலைதான் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அங்கனயே உக்காந்திருப்ப மாப்ள. உன்னையச் சுத்தி ஊரே உக்காந்திருக்கும்."

கன்னத்தில் மிச்சமிருந்த கருப்பட்டியை மணலில் துப்பினேன்.

கக்கி முடித்த பிறகு தண்டல் சொன்னான். விடிந்த கொஞ்ச நேரத்தில் பாய்மரம் முறிந்திருக்கிறது. விழுந்த மரம் என் தம்பியின் தலையில் அடித்து, அவனைக் கடலில் தள்ளிவிட்டது. அவன் மேலே வரவே இல்லை. நான் தராசைத் தொடுவதற்கு முன்பே அவன் செத்துவிட்டான். மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள்.