அசோகா டப்பாவில் ஒரு கரண்ட் மெஷின்

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்று டாக்டரம்மா என் கணவரைத் தனியே கூப்பிட்டு, மூன்று மாதத்துக்கு வீட்டுக்காரம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொன்னார். இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் கிடந்த நாடாக் கட்டிலுக்குப் போனார். மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மதகை மூடச் சொன்னால் மூடுவார். திறக்கச் சொல்லும்வரை திறக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர். நானும் சொல்லவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிற எனக்கு, "உள்ளே வந்து படுங்க" என்று மூன்று வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. தலைக்குச் சாயம் அடிக்கிற வயதில் நிறையவே இருந்தது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன மாதிரி, வேறு யாருடைய உடம்போ மாதிரி இருந்தது. அவர் வந்து, எனக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதற்கு அவர் ஹாலிலேயே கிடக்கட்டும் என்றும் தோன்றும்.

போனில் எதையோ தேடப்போய்த்தான் அந்தக் கருவிகளைப் பற்றிப் படித்தேன். மெல்லிய மின்துடிப்பை அனுப்பி உடம்புக்குச் சுகம் கொடுக்கிறவை. கடையில் வாங்குகிறவர்கள் இருந்தார்கள், வீட்டிலேயே செய்கிறவர்களும் இருந்தார்கள். செய்கிறவர்கள் எங்கள் ஊர் வாய்க்கால் முறைப்பாசனக் கூட்டம் மாதிரி ஓயாமல் சண்டை போட்டார்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. வீட்டு மின்சாரத்தில் செருகவே கூடாது, பேட்டரி மட்டும்தான். இடுப்புக்கு மேலே எங்கேயும் வைக்கக்கூடாது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது.

செய்து வைத்ததையே வாங்கியிருக்கலாம். ஆனால் திருவையாற்றிலிருந்து வருகிற கூரியர்காரர் டீக்கடையில் நின்றுகொண்டு, உங்களுக்கு என்ன பார்சல் வந்திருக்கிறது என்பதை ஊருக்கே கேட்கும்படி போனில் படிப்பார். அதனால் உதிரி பாகங்களாக வரவழைத்தேன். டைமர் ஐசி, சின்ன டிரான்ஸ்பார்மர், ஒயர். பள்ளிக்கூட எக்சிபிஷனுக்கு என்று கூரியர்காரர் நினைத்துக்கொண்டார்.

விடுமுறை நாள் காலைகளில், இவர் வயலுக்குப் போனதும் உட்கார்ந்து சால்டரிங் வைத்தேன். எல்லாவற்றையும் காலி அசோகா அல்வா டப்பாவுக்குள் அடக்கினேன். முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிற டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். என் மாணவி செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். தோலில் ஒட்டுகிற பேடுகளை மெடிக்கல் ஷாப்பில் வாங்கினேன். முழங்கால் வலி என்று சொன்னேன்.

திருத்தி மாட்டி, முதலில் கெண்டைக்காலில் வைத்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு சதை துடித்தது. அடுத்தது தொடை. அதற்கப்புறம் எங்கே என்று எழுதப்போவதில்லை. மரத்துப்போகவில்லை என்பது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அழுதுவிட்டேன். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அழுதேன், ஈரம் படக்கூடாது.

இனி இவரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மெடிக்கல் ஷாப்காரர் என் முழங்கால் வலியைச் சொல்லி முந்திக்கொண்டார். இவர் சாயங்காலம் தைலத்தோடு வந்தார். முழங்கால் சரியாகும்வரை மாடி ஏற வேண்டாம், கீழே குனிய வேண்டாம் என்றார். கட்டிலை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், என் தூக்கம் கெடக்கூடாதாம்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா என் முழங்காலை விசாரிக்க வந்தார். நேராக அறைக்குள் வந்தவர் மெத்தைமேல் டப்பாவையும் பேடையும் பார்த்தார். அவர் தஞ்சாவூருக்குப் போய்ப் பத்து நாள் பிசியோதெரபியில் கரண்ட் வைத்துக்கொண்டவர். இதற்காகவா பஸ் ஏறிப் போனேன் என்று அங்கேயே உட்கார்ந்து காலை நீட்டினார். நான் என்ன சொல்ல முடியும். வைத்துவிட்டேன்.

அடுத்த சாயங்காலம் நாலைந்து பேர் வந்தார்கள். நடவு முடிந்த நேரம், ஊரில் இடுப்பு நேராக இருந்த பெண்பிள்ளையே இல்லை. என் பேடுகளை ஒளித்து வைத்துவிட்டு ஊருக்கென்று வேறு வாங்கினேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்த ரிட்டயர்டு தாசில்தாரைத் திருப்பி அனுப்பினேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

டப்பா ஹாலுக்குப் போய்விட்டது. இவரே ஆபரேட்டர் ஆகிவிட்டார். நாடாக் கட்டிலில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, பதமாக நாப் திருகுவார். "எங்க டீச்சர் செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அறைக்குள் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சுகத்துக்காக நான் செய்ததை வைத்து என் புருஷன் ஊரார் முழங்காலுக்குச் சேவை செய்கிறார். அந்த வாரம் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் குறைந்தது.

அப்போதுதான் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் சனிக்கிழமை வந்தது. பம்புசெட் ஓடாது, இவர் வீட்டில் இருந்தார். சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஏன் காணோம் என்று கேட்டார். கரண்ட் இல்லாத நாளில் கரண்ட் மெஷின் எப்படி ஓடும் என்று நினைத்திருப்பார்கள் என்றேன்.

இவர் அதை யோசித்தார். பேட்டரியில்தானே ஓடுகிறது, பாவம், வலியோடு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல்படி வரைக்கும் போய்விட்டார். இப்போது விட்டால் இந்த மனிதர் ஆயுசுக்கும் அந்தக் கட்டிலில்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"போகாதீங்க," என்றேன்.

"ஏம்மா?"

"அது முழங்காலுக்குச் செஞ்சது இல்லைங்க. எனக்குச் செஞ்சது."

அவருக்குப் புரியவில்லை. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி வகுப்பில் பேசுகிற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு, மரத்துப்போனது, பயம், எங்கே வைத்துப் பார்த்தேன், என்ன ஆயிற்று, உங்களோடு இல்லாமல் அது எனக்குப் போதவில்லை என்பது. விவசாய ஆபீசர் புது உரத்தைப் பற்றிச் சொல்லும்போது கேட்பாரே, அப்படிக் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் டப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"டாக்டரம்மா சொன்ன மூணு மாசம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சு எத்தனையோ நாள் ஆச்சுங்க."

"யாரும் சொல்லலையே."

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது. அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாசல் கதவைத் தாழ் போட்டார். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் அசோகா டப்பா, இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஃபேன் ஓடாத அறையில் வியர்த்துக் கொட்டியது. எப்படி இருக்கும் என்று முதலில் தன் கெண்டைக்காலில் வைத்துப் பார்த்தார். கால் கட்டைவிரல் தானாக எகிறியது. அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். நான் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வாசலிலேயே அவரை நிறுத்தி, "கரண்ட் இல்லைக்கா," என்றார்.

இவருக்குப் பின்னால் ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் செய்தி ஓடியது. அக்கா ஃபேனைப் பார்த்தார். நாடாக் கட்டிலைப் பார்த்தார். தலையணை கிடந்த இடத்தில் இரண்டு யூரியா மூட்டைகள் படுத்திருந்தன.

"சரி தம்பி," என்றார். "நிதானமா வரட்டும்."

அவர் படியிறங்கிப் போன வேகத்தில் முழங்கால் வலி தெரியவே இல்லை.