பெண் பார்க்க வந்த அன்று பீப் அடித்த கம்ப்யூட்டர்

வேறு வீடுகளில் பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எல்லாம் அப்பா செய்த வேலை. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, பெரியவள் அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள் என்று தரகரிடம் அவ்வளவு பீற்றியிருந்தார்.

மூடிப்போன ஒரு பிரௌசிங் சென்டரில் வாங்கிய பழைய பெட்டி அது. மழைக்காலத்தில் பட்டனை அமுக்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். பீப், பீப் என்று கத்தும். அக்கா மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவுவாள். அதற்கு ராம் என்று பெயர். என் ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வந்துவிடும்.

அன்று காலை அடுப்படியில் அக்காவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. மாப்பிள்ளை வீட்டார் கிளம்புவதற்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

"காபி குடிக்கிற நேரத்துல ஒரு ஆளைப் பத்தி இன்னாம்மா தெரியும்? நான் ரெண்டு வார்த்தை பேச வேணாவா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் நம்ம வீட்ல வழக்கமில்லமா" என்று அம்மா முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "எங்க, கம்ப்யூட்டரைப் போடும்மா, பாக்கலாம்" என்றார். அக்கா பட்டனை அமுக்கினாள். பீப், பீப், பீப். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. ஒயரை ஆட்டினார், ஸ்டெபிலைசரைத் தட்டினார், கரண்டு ஆபீஸ்காரர்களைத் திட்டினார். ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னீங்களே?" என்றார் அந்த அம்மாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ அந்தப் பெட்டியை ஜென்மத்தில் பார்க்காதவள்போல நின்றாள்.

மாப்பிள்ளை மெட்ராஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். "நான் பாக்கறேன்" என்று மூலையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டார்ச் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டார். நானும் போய் ஒட்டிக்கொண்டேன். "ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அடுத்த பேச்சு மெதுவாக வரும்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவணும்னு இருக்குதா?"

"இருக்குது. வேணாம்பீங்களா?"

"நான் ஏங்க வேணாங்கப் போறேன்? எனக்குச் சமைக்கத் தெரியும். ரசம் மட்டும் வராது."

அக்கா சிரித்தாள். எனக்கு எரிச்சல். ரசத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? பொறுக்கமாட்டாமல், "அக்கா, ரப்பர் எடுத்துனு வரட்டா? நீதான எப்பவும் தேய்ப்ப" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாடி!

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ராமை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதை மெட்ராஸ்ல காட்டணுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து போடறேன்" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இதுக்குனு இன்னொரு தபா வரணுமாடா?" என்றார் அவர் அம்மா. அப்பா மட்டும், "இன்னா பொறுப்பான புள்ள!" என்று உருகிப்போனார். முடிவை அடுத்த வாரமே சொல்லிக்கொள்ளலாம் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கேம் ஆட முடியாமல் நான் அந்த மனிதரைச் சபித்துக்கொண்டிருந்தேன். சொன்னபடி வந்தார், போட்டார், ஓடியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி கெட்டுப்போனது, அவர் வந்தார்; அதற்கடுத்த வாரமும் அப்படியேதான். அப்புறம் ஒருநாள் அக்காவே அம்மாவிடம் போய்ச் சம்மதம் என்றாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அக்கா மெட்ராஸுக்குப் போன வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கியதும் திரை பளிச்சென்று வந்தது. மறுநாளும் வந்தது. மாமாவின் கைராசி என்றாள் அம்மா. நான் ஓவென்று அழுதேன். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்து எதற்கு அழுகிறேன் என்று அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.