நாலாம் பாடத்துத் தேநீர்

இருபது வயதுப் பையனை மூப்பர் என்று அழைத்தால் அவன் ஒன்று சிரிக்க வேண்டும், இல்லை நம்பிவிட வேண்டும். வேணு நம்பிவிட்டான்.

கோயம்புத்தூர் மில் தொழிலாளி பரமசிவத்தின் மகன் அவன். மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் ஊழியத்துக்குப் புறப்படும் பையன்களுக்கு எல்டர், அதாவது மூப்பர், என்று பட்டம் உண்டு. பட்டத்துக்குப் பின்னால் குடும்பப் பெயர் வர வேண்டும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர்தான். ஆகவே 1988ஆம் வருடக் கோடையில், டெல்லி முனிர்காவின் சந்துகளில், வெள்ளைச் சட்டையும் டையும் நெஞ்சில் ‘எல்டர் பரமசிவம்’ என்ற கறுப்புப் பட்டையுமாக ஒருவன் ஏசுவைப் பற்றிப் பேச நடந்துகொண்டிருந்தான். இதில் யாரும் குறை காணவில்லை. பக்கத்து அறைகளில் வேலை தேடிக்கொண்டிருந்த தமிழ்ப் பையன்கள் மட்டும் அவனை ஏதோ மருந்துக் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டு, காலி இடம் உண்டா என்று விசாரித்தார்கள்.

எதிலும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது ஊழியத்தின் கட்டளை. வேணுவின் ஜோடி அந்தோணி. பெங்களூர்த் தமிழன், ஆறு மாதம் மூத்தவன், எதற்கும் பதறாதவன். விடிந்ததும் இருவரும் எழுந்து, மண்டியிட்டு ஜெபித்து, ஆளுக்கொரு மூலையில் வேதம் படித்து, ஒரே பாடத்தை ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பார்ப்பார்கள். சினிமா கிடையாது, பத்திரிகை கிடையாது, பெண்களோடு தனியே பேச்சு கிடையாது. திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். அன்று மட்டும் டை இல்லாமல் மனிதர்கள் மாதிரி இருக்கலாம். தேநீர், காப்பி, புகை, மது நான்கையும் எந்த நாளும் தொடக் கூடாது.

வேணுவுக்கு இயல்பிலேயே கோபம் அதிகம். சாந்தத்தைப் பற்றி அவன் பேசினால் யாரோடோ சண்டை போடுவதுபோல இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போன டிரைவர் மேல் கோபம். வெயில் மேல் கோபம். பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வியாக ‘நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க’ என்று நூல் விட்டுப் பார்க்கும் தமிழ்ப் பெரியவர்கள் மேல் தீராத கோபம். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் தன் நாற்காலிக்கும் அவர்கள் நாற்காலிக்கும் இடையே எவ்வளவு இடம் விழும் என்று அவனுக்குத் தெரியும். தகப்பன் பரமசிவம் அவிநாசிப் பக்கத்துச் சேரியிலிருந்து மில்லுக்கு வந்தவர். அந்த ஊர் டீக்கடையில் அவருக்கு வெளியே ஓட்டில் சொருகிவைத்த சிரட்டை. உள்ளே உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.

வேணு சபையில் சேர்ந்ததே இந்தக் கோபத்தினால்தான். சேர்ந்த புதிதில், ஞாயிறு ஆராதனையில் அப்பமும் தண்ணீரும் வைத்த தட்டை அவன் கையில் கொடுத்து எல்லோருக்கும் நீட்டச் சொன்னார்கள். முதல் வரிசையில் இருந்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார். பூணூலைக் கழற்றிப் பத்து வருடம் ஆகியும் அது கிடந்த இடம் தெரிகிற தோள். அவர் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குட்டிக் கிண்ணத்தை எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைத்தார். நிமிர்ந்து பார்க்காததுதான் அதிசயம். மற்ற போதனைகளையெல்லாம் வேணு பிறகு படித்து நம்பினான். இதை அப்போதே நம்பிவிட்டான்.

டெல்லியில் அவர்களாகப் போய்க் கதவைத் தட்டிப் பிரசங்கம் செய்யக் கூடாது. கேட்டு வருகிறவர்களுக்குத்தான் சொல்லலாம். கேட்டு வருவோரோ மிகக் குறைவு. அப்படியிருக்கையில் கலியன் தானாக வந்து கேட்டான். ஆராதனைக்கு எடுத்திருந்த வாடகை வீட்டில் சுவர் பூச வந்த கொத்தனார், விழுப்புரம் பக்கத்துச் சேரி. கரணையைக் கழுவிக்கொண்டே, செத்துப்போன பிள்ளையை மறுபடி பார்க்க முடியும் என்று உங்கள் சபையில் சொல்கிறார்களாமே, நிஜமா என்றான். அவனுக்கும் அவன் மனைவி பவுனுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்து, போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டது. குடும்பம் மரணத்தோடு முடிவதில்லை, விவரமாகச் சொல்கிறோம் என்றான் அந்தோணி.  வேணுவுக்கு, இத்தனை மாத அலைச்சலில் தன் ஆட்கள் வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு அது. இந்த ஒரு வீட்டைக் கோட்டைவிட்டால் டெல்லிக்கு வந்ததற்கே அர்த்தமில்லை என்று அன்று ஜெபத்தில் ஆண்டவரிடமே கொஞ்சம் மிரட்டலாகச் சொல்லிவைத்தான்.

பாடங்கள் மொத்தம் ஆறு. வரிசை உண்டு. இறந்தபின் குடும்பம் என்னவாகிறது என்பது நாலாம் பாடம். தேநீரும் புகையும் கூடாது என்பதும் நாலாம் பாடம். இங்கேதான் அந்தோணி தன் அனுபவத்தைக் காட்டினான். மூன்று பாடம் முடியும்வரை தேநீர் விஷயத்தை மூச்சுவிடக் கூடாது, ஜுக்கிக் குடிசையில் இருக்கிறவனுக்கு இருக்கிற சுகமே டீயும் பீடியும்தான், எடுத்த எடுப்பில் அதைப் பிடுங்கினால் ஆள் ஓடிவிடுவான் என்றான். அப்படி யாரும் அவனுக்குக் கட்டளையிட்டதில்லை; அவனாகக் கண்டுபிடித்த ராஜதந்திரம். டீ கொடுத்தால் என்ன செய்வது என்று வேணு கேட்டதற்கு, பதமாக ஏதாவது சொல்லித் தட்டிவிடு என்றான்.

சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்புக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி இருந்தது கலியனின் ஜுக்கி. முதல் நாள் போனபோது பவுனு வாய் நிறையக் கூப்பிட்டு, கட்டிலில் உட்காரவைத்து, டீ போட்டு நீட்டினாள். வேணு கும்பிட்டு, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோமுங்க என்றான். இரண்டாம் முறை போனபோது வயிறு சரியில்லை என்றான். இரண்டுமே, தன் வீட்டில் எதையும் தொடாமல் போனவர்கள் வாயிலிருந்து அவன் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வாக்கியங்கள். தன் வாயிலிருந்து அவை எவ்வளவு சரளமாக வருகின்றன என்பதை அவன் கவனிக்கவில்லை. எதிரே இருந்தவள் கவனித்தாள்.

மூன்றாம் முறை பவுனு தயாராக இருந்தாள். பால் பூத்தில் நின்று புதுப் பால் வாங்கி, பக்கத்துக் குடிசையில் பூப்போட்ட இரண்டு கண்ணாடி கிளாஸ் இரவல் வாங்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, இருவர் முன்னாலும் வைத்துவிட்டு, வழக்கமாகச் செய்வதுபோல் உள்ளே போகாமல் எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தோணி மூன்றாம் பாடத்தை ஆரம்பித்தான். டீயில் ஆடை படர்ந்தது. ஒரு ரயில் போயிற்று. கலியன், ஆறுது எடுத்துக்குங்க தம்பி என்று சொன்னான். வேணு டையைத் தளர்த்திக்கொண்டு, ‘வெயிலா இருக்குதுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க’ என்றான்.

பவுனு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. சரோஜினி நகரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். உயர்த்தாமலே பேசப் பழகியவள்.

“தம்பி, நான் வேல செய்யுற ஊட்ல ராஜம் மாமின்னு ஒண்ணு. நம்ம தமிழ்தான். பொங்கலுக்கு என் கையால அதிரசம் சுட்டு எடுத்துக்கினு போனேன். வச்சுட்டுப் போ பவுனு, அப்புறமா பாத்துக்கலாம்னு சொல்லுச்சு. மறுநாளு குப்பக்கூடைல கெடந்துது. அந்தக் கூடைய கொட்டுறதும் நாந்தானே, அத யோசிக்கல அந்த அம்மா. எனக்கு டீ குடுக்க ஒரு ஒடுக்கு விழுந்த தம்ளரு, பால்கனி குழாய்க்குப் பின்னால வச்சிருக்குது. அது பரவால்ல. அந்த அம்மா என் ஊட்டுக்கு வந்து உக்காந்து, எல்லாரும் ஒரே அப்பன் புள்ளைங்கன்னு பாடம் சொல்லல.”

அந்தோணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எம் பொண்ண அங்க பாக்கலாம்னு சொன்னீங்களே, அந்த எடத்துலயும் எங்களுக்குத் தனி தம்ளருதானா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

வேணுவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. உலகத்தில் யாரைப் பார்த்து வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், தன்னைப் பார்த்துக் கேட்பதா? ஊழியக்காரனின் பணிவு, ஒப்பித்த பாடம் எல்லாம் பறந்தன.

“யாரப் பாத்து சொல்றீங்க? எங்கப்பன் செரட்டைல டீ குடிச்ச ஆளு. நானும் உங்க ஆளுதான். போயி விசாரிச்சுப் பாருங்க.”

இதைச் சொன்னதும் அவள் முகம் இளகும் என்று எதிர்பார்த்தான். இத்தனை நாளும் யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றிய விஷயம்; எடுத்து வைத்தால் எந்த வழக்கும் தன் பக்கம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவள் முகம் இன்னும் இறுகியது.

“அப்ப உனக்குத் தெரியும்” என்றாள். அதுவரை ‘நீங்க’, இப்போது ‘நீ’. “ராஜம் மாமிக்குத் தெரியாது, போவட்டும். இப்பதான் குடிச்சேன், அப்பறம் பாக்கலாம்னு ஒருத்தன் சொன்னா வவுறு எப்பிடி எரியும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினே மூணு தபா சொன்னியா?”

 வேணுவின் கோபம் எங்கேயாவது போய் விழ வேண்டுமே, அந்தோணி மேல் விழுந்தது. அந்தோணி கண்ணால், வேண்டாம், அடுத்த வாரம், வரிசை என்றெல்லாம் சமிக்ஞை செய்தான். வேணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வரிசை குப்பைக்கூடைக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டான்.

பவுனுவிடம் உள்ளதைச் சொன்னான். நாங்கள் யார் வீட்டிலும் டீ குடிப்பதில்லை. ராஜம் மாமி வெள்ளித் தம்ளரில் கொடுத்தாலும் இல்லை. காப்பியும் இல்லை. உடம்பு ஆண்டவர் கொடுத்தது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எங்களுக்குக் கட்டளை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்று பயந்து பொய் சொன்னோம். சொன்னது பொய்தான், அதற்கு வேறு பெயர் வேண்டாம் என்றான். அந்தோணி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவுனு உடனே நம்பவில்லை. டீயில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்டாள். அது வேணுவுக்கே சரியாகத் தெரியாது. கூடாது என்றால் கூடாது என்றான். ஆச்சரியமாக, அந்தப் பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் நம்பும்படி இருந்தது. விரதம் இருப்பவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் அனுபவம். வேறு என்னென்ன கூடாது என்று விசாரித்தாள். வேணு பட்டியலை முடித்துவிடும் வேகத்தில், பீடி, சிகரெட், புகையிலை, சாராயம், கள் என்று சொல்லிக்கொண்டே போனான்.

“நில்லு” என்றாள் பவுனு. “சாராயமுமா?”

“ஆமாங்க.”

“கொஞ்சங்கூடவா? சம்பளத்தன்னிக்கு மட்டும்னு ஒண்ணு இருக்குதே, அது?”

“எந்த நாளும் கூடாதுங்க.”

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அதுவரை மனைவியின் நியாயத்துக்கு ஒத்தாசையாகத் தலையாட்டிக்கொண்டிருந்த கலியன் தலையாட்டுவதை நிறுத்தினான்.

“இத ஏன்யா ஒளிச்சு வச்சீங்க?” என்றாள் பவுனு, இந்த முறை அந்தோணியைப் பார்த்து. “ஓடிப்போவோம்னு பயந்தீங்களா? இதச் சொல்லியிருந்தா மொத நாளே நான் பக்கத்து ஊட்டு பொம்பளைங்களையும் இட்டாந்து உக்காரவச்சிருப்பேனே. வானம் பூமி படச்ச கதையெல்லாம் மூணு வாரமா சொல்லிக்கினு இருந்தீங்க.”

 ஜுக்கியில் இருக்கிற சுகத்தைக் கணக்கிட்டபோது அது யாருடைய சுகம் என்று ராஜதந்திரி அந்தோணி கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

இப்போது கலியனுக்குக் கோபம் வந்தது. நான் கேட்டது செத்த பிள்ளையைப் பற்றி, நீங்கள் பேசுவது உயிரோடு இருக்கிறவன் பீடியைப் பற்றி, இது என்ன நியாயம் என்றான். மனிதன் ஒன்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்காததைத் தலையில் கட்டக் கூடாது என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. கேட்டதும் கேட்காததும் ஒரே பாடத்தில் இருக்கின்றன என்று வேணு விளக்கப் பார்த்தான். அது கலியனை மேலும் கிளப்பிவிட்டது. பிள்ளையைக் காட்டுவதற்குக் கூலியா இது என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். போகிற போக்கில் வேணுவுக்கு வைத்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனான். ஆறிப்போன டீ. ஆனாலும் அவன் குடித்த விதத்தில் ஒரு கொள்கை இருந்தது.

பவுனு அவனைத் தடுக்கவில்லை. மீதி கிளாஸைத் தானே குடித்தாள். பிறகு ரசமும் சோறும் போட்டு, தட்டுகளை இருவர் முன்னும் தள்ளினாள். இதற்கும் ஏதாவது கட்டளை இருந்தால் இப்போதே சொல்லிவிடும்படி கேட்டாள். இல்லை என்றான் வேணு. அவள் எதிரிலேயே நின்று, கடைசிப் பருக்கைவரை அவர்கள் சாப்பிடுவதை, சந்தேகம் தீராத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஜல்தியாக வரும்படி மட்டும் சொன்னாள், தண்ணி லாரி வருவதற்கு முன்னால்.

 முனிர்காவில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அந்தோணி, வரிசையை மாற்றியது தப்புதான், ஆனாலும் என்று ஆரம்பித்தான். ஆனாலுமாவது கீனாலுமாவது என்றான் வேணு. சாந்தத்துக்காக அன்று ஜெபித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் போனபோது பவுனு பக்கத்துக் குடிசைப் பெண்கள் இருவரைக் கூட்டிவைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பற்றிய பகுதியை வேணு சொன்னான். இந்த முறை ஒப்பிக்காமல், தடுமாறித் தடுமாறிச் சொன்னான். பவுனு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கலியன் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, ரயில் பாதையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். விரலிடுக்கில் பீடி. ஆனால் வேணுவின் குரல் ஓர் இடத்தில் தாழ்ந்தபோது, சத்தமாகச் சொல்லும்படி வெளியிலிருந்து அதட்டினான்.