கப்பலில் கற்ற சதுரங்கம்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருக்கும் இந்திராணிக்குச் சதுரங்கப் பைத்தியம் பிடித்தது கப்பலில். சென்னைக்குப் போக மூன்று நாள். கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? பைத்தியம் பிடித்த அளவுக்கு ஆட்டம் பிடிபடவில்லை, பாவம். ஆறு வருடமாகப் போர்ட் பிளேர் போட்டியில் ஆடுகிறாள், அரைப் புள்ளிகூட வாங்கியதில்லை.

"எதுக்கும்மா அங்க போற? வீட்லயே தோத்துக்கலாமே" என்று கிண்டலடிப்பார் கணவர் பழனிசாமி. அவளுக்கு வெற்றியெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு டிரா போதும், அவர் வாயை அடைக்க.

இந்த வருடமும் கடைசி ஆட்டம்வரை பூஜ்யம்தான். கடைசியாக எதிரே வந்து உட்கார்ந்தவன் ஜவுளிக்கடை ஃபைசான், நடப்பு சாம்பியன். நல்ல பையன்தான், ஆனால் பலகையில் ஈவிரக்கம் பார்க்க மாட்டான். வெட்டித் தள்ளிவிட்டான். கடைசியில் அவளிடம் மிஞ்சியது மூலையில் அசைய இடமில்லாத ராஜா, அதைக் காக்கும் ராணி, ஒரே ஒரு சிப்பாய்.

சிப்பாயைத் தள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கப்பல் ஆடும்போது காய் உருளாமலிருக்க ராணியைப் பிடித்துக்கொண்டே யோசிப்பது அவள் வழக்கம். கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது.

"அக்கா, ராணியைத் தொட்டுட்டீங்க. ராணியத்தான் ஆடணும்" என்றான் ஃபைசான். நடுவரும் தலையாட்டினார்.

ராணி நகர்ந்தால் ராஜா காலி. இந்திராணிக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகையைப் பார்த்தவள், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் சிப்பாய்க்கு முன்னால், ஃபைசானின் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் வைத்தாள்.

"செக்!"

அவன் ராஜாவுக்கு ஓட இடமில்லை. ராணியை வெட்டுவதைத் தவிர வழியில்லை. சிரித்தபடி வெட்டினான். வெட்டிய ராஜா சிப்பாயின் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"இப்ப என்ன ஆடுவீங்க?"

"எதையும் ஆட முடியாது தம்பி. ராஜாவுக்குச் செக்கும் இல்ல, போக இடமும் இல்ல. சிப்பாயும் நகராது. டிரா!"

ஃபைசான் பலகையை உற்றுப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கூடமே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். "அரே! நீங்க ராணியத் தொட்டத நான் கண்டுக்காம விட்டிருந்தா சிப்பாயத் தள்ளித் தோத்திருப்பீங்களே அக்கா!"

சந்தோஷம் தாங்காமல் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தோத்தாச்சா? சோறு போட்டு வைக்கவா?" என்றார் பழனிசாமி.

"நீங்க சாப்பிடுங்க. சாம்பியனோட டிரா பண்ணிருக்கேன். எல்லாரும் கை குடுக்க வரிசையில நிக்கிறாங்க, நான் வர லேட்டாகும்."

மறுமுனையில் சத்தமே இல்லை.